சான் ஜிரோலமோ மடத்து மணி

வெனிஸ், கஸ்தெல்லோ
20 அக்டோபர் 1704

அன்புத் தங்கை பெரினாவுக்கு, அண்ணன் பஸ்தியான் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி சனெத்தாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் சுகத்துக்கு எழுது.

விஷயம் இந்நேரம் உன் காதுக்கு வந்திருக்கும். உன் மடத்துச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அது நிற்பது எதிரணி நிக்கொலொத்திகளின் பேட்டையில்தானே. அந்த மீன்காரப் பயல்கள் பாட்டே கட்டியிருப்பார்கள். போன ஞாயிறு சான் பர்னாபா பாலத்துச் சண்டையில் நம் கஸ்தெல்லானி அணி தோற்றது. தோற்றது என்பதுகூடச் சரியில்லை, ஓடியது. முதலில் ஓடியவன் உன் அண்ணன்.

பாலத்து உச்சியில் நின்றிருந்தேன். மூன்று பேரை வாய்க்காலில் தள்ளியாகிவிட்டது. கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம் என்பதால் தள்ளுவது சுலபம், நிற்பதுதான் கஷ்டம். நாலாவது ஆளின் மூக்கு என் கைக்குக் கீழே நத்தை ஓடு மாதிரி நொறுங்கியது. மாடங்களில் இருந்த பிரபுக்கள் கைக்குட்டை வீசினார்கள். அப்போதுதான் ஒரு குரல்: "பட்டறையில தீ, கப்பல் பட்டறை எரியுது."

ஊரில் எங்கே தீப்பிடித்தாலும் வாளியும் கோடரியுமாக ஓட வேண்டியவர்கள் பட்டறைக்காரர்கள். அதுவும் நம் பட்டறையே எரிகிறது என்றால் கால் கேட்குமா? ஓடினேன். என் பின்னால், என்னைப் போலவே கப்பல் பலகை இடுக்கை அடைக்கிற நாற்பது கலப்பத்துக்காரர்கள். போய்ப் பார்த்தால் பட்டறை வாசலில் காவலாளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறான். தீயும் இல்லை, புகையும் இல்லை. திரும்பி வந்தபோது பாலத்தில் அவர்கள் கொடி.

கத்தியவன் மார்க்கியோ என்ற மீன்காரன். அந்தப் பெயரை மனதில் வை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
பஸ்தியான்


சான் ஜிரோலமோ மடம்
6 நவம்பர் 1704

என் அண்ணனுக்குத் தங்கை பெரினாவின் வணக்கம். ஆண்டவர் கிருபையால் எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் வலியைத் தவிர. அண்ணி எப்படி இருக்கிறாள்? அவளுடைய இருமல் தேவலையா?

நீ சொன்ன மார்க்கியோவைப் பற்றி எனக்கு நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமையற்கட்டில் என்னோடு பாத்திரம் தேய்க்கும் சகோதரி பாச்சே அவனுக்குக் கூடப்பிறந்தவள். இடது கால் விந்தி நடப்பாள், வாய் மட்டும் நன்றாக ஓடும். உன் கதையைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் சூப்புச் சட்டி கவிழ்ந்து இரண்டு பேரும் மடத் தலைவியிடம் திட்டு வாங்கினோம்.

"உங்க அண்ணன் கால்ல சக்கரம் கட்டிட்டுப் பொறந்தாராடி?" என்கிறாள்.

"உங்க அண்ணனுக்கு முஷ்டி செத்துப்போச்சு, அதான் நாக்கால சண்டை போடுறான்" என்றேன். அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து வறுத்த கஷ்கொட்டை கொடுத்தாள். நல்லவள்தான், பிறந்த இடம்தான் தப்பு.

உலகத்தைத் துறந்தவள் இப்படி எழுதக் கூடாது. ஆனாலும் நானும் கப்பல் பட்டறைத் தெருவில் பிறந்தவள். அடுத்த தடவை அவன் தீ என்று வாயைத் திறந்தால் அந்த வாயிலேயே ஒன்று போடு. எனக்காக ஒன்று சேர்த்துப் போடு.

உன் பிரியமுள்ள
பெரினா


கஸ்தெல்லோ
15 ஜனவரி 1705

தங்கை பெரினா சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே குளிரில் வாய்க்கால் ஓரம் உறைந்துவிட்டது. தார்ச்சட்டிக்குப் பக்கத்தில் இருப்பதால் எனக்குப் பரவாயில்லை. சனெத்தாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, கோபம் கூடியிருக்கிறது.

எனக்கு ஊரில் பெயர் வைத்துவிட்டார்கள். 'மணி' என்று. தீமணி அடித்தால் ஓடுகிறவனாம். சனெத்தா கிணற்றுக்குப் போனால் பெண்கள் ஆட்டுமணியைக் குலுக்குகிறார்கள். பட்டறையில் சணல் திணித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் எவனாவது ணங் என்று சுத்தியால் தட்டுவான், எல்லோரும் சிரிப்பார்கள். பதினெட்டு வருஷம் பாலத்தில் ரத்தம் சிந்தியவனுக்கு இதுதான் மரியாதை.

போன வாரம் சாராயக் கடையில் ஒருவன், நம் ஆள்தான், "மணி அண்ணே, எங்கயோ புகையுது பாருங்க" என்றான். பக்கத்தில் இருந்த கலப்பத்துச் சுத்தியை எடுத்தேன். முன்பல் நான்கும் மேசைமேல் விழுந்தன. அவன் முகம் இனி ஒரு பக்கமாகத்தான் இருக்கும் என்று கட்டுப்போட வந்த நாவிதன் சொன்னான். அப்புறமும் ஒருவன் சிரித்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த வருஷம் நாங்கள் எல்லோரும் கை அடித்துச் சத்தியம் செய்திருக்கிறோம். பாலத்தில் கால் வைத்துவிட்டால், வானமே எரிந்தாலும் ஒருவனும் தலையைத் திருப்பக் கூடாது. திருப்பினால் நம் ஆளே அவனைத் தண்ணீரில் தள்ளிவிடலாம்.

எனக்காக வேண்டிக்கொள்.

பஸ்தியான்


சான் ஜிரோலமோ மடம்
18 ஏப்ரல் 1705

அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஈஸ்டர் வாழ்த்து. நீங்கள் அனுப்பிய முட்டைகளில் இரண்டுதான் உடைந்திருந்தன. நான் நலம். நீ கோபத்தைக் குறைத்துக்கொண்டாயா? பல் போன மனிதனுக்குக் கஞ்சியாவது கொண்டுபோய்க் கொடுத்தாயா?

எனக்குப் புது வேலை. மணிக்கயிறு இனி என் பொறுப்பு. நீ ஊரில் மணி, நான் மடத்தில் மணி, நம் அப்பா இருந்தால் சிரித்தே செத்திருப்பார். எனக்கு மூச்சு வாங்குவதால் மூன்று தடவை இழுத்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவேன். மூன்று, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று. மடத் தலைவிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தூரத்தில் இருந்தே அடிப்பது பெரினா என்று தெரிந்துவிடுகிறதாம்.

பாச்சேவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். மடத்துப் புத்தகங்கள் லத்தீனில் இருப்பதால் உன் கடிதங்கள்தான் பாடம். உன் கோழிக்கிறுக்கலைப் படிக்கக் கற்றவள் உலகத்தில் எதையும் படித்துவிடுவாள். எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சத்தம் போட்டுப் படிப்பாள். ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். 'நாவிதன்' என்ற வார்த்தைக்கு ஒரு காலை முழுக்கப் போயிற்று.

"உங்க அண்ணன் ரொம்ப அடிக்கிறாரு, ரொம்பத் தப்பாவும் எழுதுறாரு" என்கிறாள்.

பெரினா


கஸ்தெல்லோ
30 ஆகஸ்ட் 1705

பெரினா, சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். பல் போனவனுக்குக் கஞ்சி கொடுத்தது சனெத்தா, நான் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நாள் குறித்தாகிவிட்டது. செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாள், அதே சான் பர்னாபா பாலம். இது கழிந்தால் ஒன்று நான் மறுபடி பஸ்தியான், இல்லை சாகும்வரை மணி. மார்க்கியோவும் வருகிறான். முதல் வரிசையில் நிற்பானாம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. அன்று சாயங்கால மணியை நீ அடிக்கும்போது காற்று சரியாக இருந்தால் சான் பர்னாபாவுக்குக் கேட்கும். உன் மூன்றும் நிறுத்தமும் கேட்டால் என் தங்கை எனக்காக நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். எதிராளிப் பேட்டைக்கு நடுவில் இருந்து எனக்கு ஒரு மணி. அது போதும்.

பஸ்தியான்


சான் ஜிரோலமோ மடம்
20 செப்டம்பர் 1705

அண்ணா, நான் நலம். உன் நலம் 29-ஆம் தேதிக்குப் பிறகுதான் தெரியும்.

அடிக்கிறேன். பாவமா இல்லையா என்று பாவமன்னிப்புக் கேட்கும்போது பார்த்துக்கொள்கிறேன். சாயங்கால மணி எப்படியும் அடிக்கத்தான் வேண்டும், அதை யாருக்காக அடிக்கிறேன் என்பது கயிற்றுக்கும் எனக்கும்.

பாச்சே தன் அண்ணனுக்காக ஒரு மெழுகுவர்த்தி வைத்திருக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் உடைந்த மூக்கோடு மடத்து வாசலுக்கு வந்து எங்களிடம் திட்டு வாங்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை. அவனுக்கு மூன்று பிள்ளைகள். மண்டையில் மட்டும் அடிக்க வேண்டாம் என்று உனக்குச் சொல்லச் சொன்னாள்.

கத்தி எடுத்துப் போகாதே. முஷ்டிக்குத்தான் நான் மணி அடிப்பேன்.

பெரினா


கஸ்தெல்லோ
1 அக்டோபர் 1705

என் தங்கமே பெரினா, அண்ணன் படுக்கையில் இருந்து எழுதுகிறேன், ஆனால் இவ்வளவு சந்தோஷமாக என்றும் எழுதியதில்லை. விலா எலும்பு இரண்டு போயிற்று. தலையில் ஓடு பட்டு வெட்டு. சனெத்தா ஒருவரையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாள். என்னோடு சரியாகப் பேசவும் மாட்டேன் என்கிறாள். கிடக்கட்டும். நீ எப்படி இருக்கிறாய்?

உன் மணி கேட்டது. சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டாய், சொன்னதற்கு மேலும் செய்துவிட்டாய்.

ஆரம்பத்தில் முஷ்டிதான். பாலம் முழுக்க எச்சிலும் ரத்தமும், கால் வழுக்கியது. எவன் பல்லோ என் முழங்கையில் குத்தி நின்றது, பிடுங்கிப் போட்டேன். அவர்கள் எங்களைப் பாதிப் பாலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. அப்போது கேட்டது, மூன்று, ஒரு நிறுத்தம். மூன்று, ஒரு நிறுத்தம். சாயங்காலம் ஆகக்கூட இல்லை, சீக்கிரமே ஆரம்பித்துவிட்டாய். நிறுத்தவும் இல்லை. "என் தங்கச்சிடா, எனக்காக அடிக்கிறா" என்று கத்தினேன். எங்கிருந்தோ பலம் வந்தது.

முதல் வரிசையில் மார்க்கியோ. அவன் என்ன செய்தான் தெரியுமா? சண்டைக்கு நடுவில் தலையைத் திருப்பி வடக்கே பார்த்தான். முகம் வெளுத்துப்போய், "தீ, மடம் எரியுது" என்றான். அதே பழைய வித்தை. நீ சொன்னது ஞாபகம் வந்தது. அந்த வாயிலேயே போட்டேன். உனக்காக ஒன்று சேர்த்துப் போட்டேன். தாடை இரண்டாகப் போனது என் விரலுக்குத் தெரிந்தது. அப்படியும் விடவில்லை, ரத்தத்தைத் துப்பிக்கொண்டே, "உன் தங்கச்சியும் அங்கதான்டா இருக்கா, விடுடா" என்றான். உன்னையே இழுக்கிறான் பார், எவ்வளவு தந்திரம். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு சொந்த ஆட்களையே இடித்துத் தள்ளி ஓடப் பார்த்தான். கோழை. தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் இரண்டு பக்கமும் கல் பறந்தது, கூரைமேல் இருந்து பெண்கள் ஓட்டைப் பிடுங்கி எறிந்தார்கள், கத்தியும் வந்துவிட்டது. நான் கத்தி எடுத்துப் போகவில்லை, உனக்குக் கொடுத்த சொல் சொல்தான். பக்கத்தில் இருந்தவன் கையில் கொடுத்தான். மார்க்கியோவின் விலாவுக்குக் கீழே இரண்டு தடவை. வாய்க்காலில் விழுந்தவன் மேலே வரவில்லை.

பாலம் நமதாகிவிட்டது, பெரினா. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவனும் மணி என்று கூப்பிடவில்லை. உன் பாச்சேவிடம் பக்குவமாகச் சொல். சண்டை என்றால் இப்படித்தான்.

உடனே பதில் எழுது.

பஸ்தியான்


கஸ்தெல்லோ
5 அக்டோபர் 1705

பெரினா, நீ உயிரோடு இருக்கிறாயா? அதை மட்டும் எழுது.

இன்று காலைதான் சனெத்தா சொன்னாள். சான் ஜிரோலமோ எரிந்துவிட்டது, கோயில், மடம் எல்லாம். பட்டறைக்காரர்கள் ஒருவரும் போகவில்லை, எல்லோரும் பாலத்தில் இருந்தோம். என்னைத் தூக்கி வந்த பிறகும் அடித்துக்கொண்டவர்கள், பாதிரியாரே பெரிய சிலுவையைத் தூக்கிக்கொண்டு வந்து பாலத்தில் கெஞ்சிய பிறகுதான் கலைந்தார்களாம். அதற்குள் அங்கே அணைக்க ஒன்றும் மிஞ்சவில்லையாம். உங்களை எந்த மடத்துக்கு மாற்றினார்கள் என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பக்கம் கூடை தூக்கிப் போகும் மீன்காரியிடம் கொடுத்து அனுப்புகிறேன், அவள் தேடிக் கண்டுபிடிப்பாள்.

நான்கு நாள் முன்பு எழுதிய கடிதம் உனக்கு வந்திருந்தால் பிரிக்காதே. பிரித்திருந்தால் படிக்காதே. கிழித்து அடுப்பில் போடு. யார் கண்ணிலும் பட வேண்டாம்.

பஸ்தியான்


கஸ்தெல்லோ
28 அக்டோபர் 1705

பெரினா, நீ பிழைத்துவிட்டாய் என்று மீன்காரி சொன்னாள். ஆண்டவருக்கு நன்றி. பதில்தான் இல்லை.

எனக்கு எலும்பு கூடிவிட்டது. சனெத்தா சாப்பாடு வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். நீ திட்டியாவது எழுது. கிழித்தாயா என்பதையும் எழுது.

பஸ்தியான்


11 நவம்பர் 1705

மரியாதைக்குரிய பஸ்தியான் அவர்களுக்கு, சகோதரி பாச்சே எழுதுவது. தங்களும் தங்கள் மனைவியும் நலமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக. எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்க வேண்டும். நான் எழுதும் முதல் கடிதம் இது.

தங்கள் தங்கை உயிரோடு இருக்கிறாள். புகையும் சூடும் பட்டுக் கண் இரண்டும் போய்விட்டது. உள்ளங்கை இரண்டும் வெந்துவிட்டது, இனிப் பேனா பிடிக்க முடியாது. கயிற்றில் தீ இறங்கி அவள் கைக்கு வரும்வரை மணியை விடவில்லை. பிறகு வெளியே ஓடியிருக்கலாம். கால் விந்தும் நான் சமையற்கட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி உள்ளே வந்து என்னை முதுகில் தூக்கிக்கொண்டு போனாள். கண் போனது அப்போதுதான்.

அக்டோபர் 1-ஆம் தேதிக் கடிதம் எரிந்த மடத்துக்குப் போய், எங்களைத் தேடி 4-ஆம் தேதி வந்தது. அவளால் படிக்க முடியாது என்பதால் நான் படித்தேன். நான் படிக்கும் விதம் தங்களுக்குத் தெரியும், அவள் எழுதியிருக்கிறாள். எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சத்தம் போட்டுப் படிப்பேன். அடுத்த வார்த்தை என்ன என்று முடிக்கும்வரை எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. "போதும் பாச்சே, வச்சிடு" என்றாள். கட்டுப் போட்ட கையால் தாளைத் தேடினாள். நான் தள்ளி உட்கார்ந்து கடைசிவரை படித்தேன். 'விலா' என்ற வார்த்தைக்கு வெகு நேரம் ஆயிற்று.

கிழிக்கச் சொன்ன கடிதம் எட்டாம் தேதி வந்தது.

அவள் சொல்லச் சொன்னது இது: "அண்ணா, தீ என்றால் மணியை நிறுத்தாமல் அடிக்க வேண்டும், அதுதான் வழக்கம். நான் மூன்றும் நிறுத்தமுமாக அடித்தேன். அப்படி அடித்தால் நான்தான் என்று உனக்குத் தெரியும், நீ ஓடி வருவாய் என்று நினைத்தேன். அந்த வாயில் போடச் சொன்னதும் நான்தான்." இதைச் சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இனி நான் சொல்வது. மார்க்கியோ அந்தத் தடவை உண்மை சொன்னான். அவன் ஓடப் பார்த்தது எங்கள் இரண்டு பேரிடமும்தான்.

குத்தியது யார் என்று என் வீட்டில் இருந்து கேட்டனுப்பினார்கள். கூட்டத்தில் அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை.

தங்கள் கடிதம் வந்தால்தான் தங்கள் தங்கை சரியாகச் சாப்பிடுகிறாள். ஆகவே எழுதுங்கள். படிப்பது நான்தான். பொய் எழுத வேண்டாம்.

சகோதரி பாச்சே


கஸ்தெல்லோ
20 பிப்ரவரி 1706

தங்கை பெரினாவுக்கும், வாசிக்கும் சகோதரி பாச்சேவுக்கும் பஸ்தியான் எழுதுவது. இரண்டு பேரின் உடம்பும் எப்படி இருக்கிறது? எழுதச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். 'நலம்' என்று எழுதியதுமே நீங்கள் அதை எழுத்துக் கூட்டிப் படிப்பது காதில் கேட்கும், எழுந்துவிடுவேன்.

பாலத்துச் சண்டையை அரசு தடை செய்துவிட்டது. மீறினால் கப்பல் துடுப்போடு சங்கிலி. யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நான் இப்போது எந்த மணி கேட்டாலும் ஓடுகிறேன். ஞானஸ்நான மணிக்குக்கூட ஒரு தடவை வாளியோடு போய் நின்றேன். மறுபடி மணி என்று கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கிறேன்.

போன செவ்வாய் காலை சான் நிக்கொலோ பக்கம் ரொட்டிக் கடையில் தீ. கஸ்தெல்லானி எவனும் அந்தப் பேட்டையில் கால் வைப்பதில்லை. நான் போனேன். வரிசையில் நின்று வாளி கைமாற்றினார்கள். எனக்கு முன்னால் ஒரு வயதானவர். மதியம்வரை அவர் கையில் இருந்து என் கைக்கு வாளி வந்தது. தீ அணைந்ததும், "நம்ம ஆளு மாதிரி தெரியலியே, பேரு என்னப்பா?" என்று கேட்டார். மணி என்றேன்.

"என் மவன் ஏமாத்துன மணி நீதானா?" என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவன் இறந்த பிறகு அவர் சிரித்தது இதுதான் முதல் தடவை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்து அழுதார். மார்க்கியோ என்னை ஓடவிட்ட கதையை என் வாயால் கேட்க வேண்டுமாம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து விலாங்கு மீன் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்.

சகோதரி பாச்சே, அவர் உங்கள் அப்பா. குத்தியது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. போகவா, வேண்டாமா? போனால் என்ன சொல்ல? நீங்கள் சொல்வதுபோல் செய்கிறேன்.

பஸ்தியான்


22 பிப்ரவரி 1706

பஸ்தியான் அவர்களுக்கு, பெரினா நலம். இன்று ரொட்டி சாப்பிட்டாள்.

போங்கள். அந்தச் சிரிப்புக் கதையை முதலில் சொல்லுங்கள். மற்றதையும் சொல்லுங்கள். அப்பா சாப்பிட்டு முடிக்கட்டும், பிறகு சொல்லுங்கள்.

பாச்சே